மேட்டுத் தெருவும் என் வீட்டுச் சர்வரும்

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் வேலை என்னுடையது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர். மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறந்து, நேரம் பார்த்து மூட வேண்டும். பஞ்சாயத்தில் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் "தண்ணி வுடற அக்கா" என்பார்கள். வால்வுச் சாவி என்பது இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்காகக் கைப்பிடி. அதைக் குழிக்குள் விட்டுத் திருப்பினால் அடியில் தண்ணீர் ஓட ஆரம்பிப்பது காலுக்குத் தெரியும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

ஆனால் போன் வரும். "எங்க தெருவுக்கு எப்பக்கா தண்ணி?" என்று கேட்பார்கள். வெளியூரிலிருந்து குழாயில் தண்ணீர் வந்து சேரும் நேரம் நாளுக்கு நாள் மாறும், கரண்டும் மாறும், எனக்கே சரியாகத் தெரியாது. தெரியாது என்பதைப் பதமாகச் சொல்லும் பேச்சு எனக்கு வராது. "பாக்கறேன்" என்பேன். இல்லையென்றால் போனை எடுக்கவே மாட்டேன். என் போன் எப்போதும் சத்தமில்லாமல்தான் கிடக்கும்.

இதில் மேட்டுத் தெருக்காரர்களுக்குத்தான் அதிகக் கோபம். அவர்கள் தெரு பெயருக்கேற்ப மேட்டில் இருக்கிறது. தொட்டி முழுதாக நிரம்பியிருந்தால்தான் தண்ணீர் அங்கே ஏறும். அதனால் அவர்களுக்குக் கடைசியாகத் திறப்பேன். அவர்கள் பார்வையில், நான் என் தெருவுக்கு முதலில் விட்டுக்கொண்டு, மீந்ததை அவர்களுக்குத் தருகிறேன். அந்தத் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். மாரண்டஹள்ளிச் சந்தையில் காய் விற்பவர், குரலும் சந்தைக் குரல். அவர் நேரே வார்டு மெம்பரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மெம்பர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ மேட்டுத் தெருவுலருந்து புகார் வந்தா, வேற ஆளப் போட வேண்டியதா போயிரும். நீயும் ஒரு வார்த்த பதில் சொல்ல மாட்டேங்கற. நான் எத்தினி நாளைக்கு உனக்காகப் பேசறது?"

அப்போதும் நான் "பாக்கறேன்" என்றுதான் சொன்னேன்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் வீட்டிலேயே சர்வர், அதாவது இணையப் பக்கத்தை ஓட்டும் கம்ப்யூட்டர், வைக்கும் எண்ணம் வந்தது. வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருந்தது. அதில் "கோயில் தெரு திறந்தாச்சு" என்று நான் போட்டால், அடுத்த நிமிடமே காலை வணக்க ரோஜாப் பூக்கள் வந்து அதை மூடிவிடும். அதைவிடப் பெரிய கஷ்டம், குழுவில் திருப்பிக் கேட்பார்கள். எனக்கு வேண்டியது, நான் சொல்வது நிற்க வேண்டும், யாரும் திருப்பிக் கேட்க முடியாததாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டது இணையப் பக்கம்தான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வரி. எப்போது திறந்தது, எப்போது மூடியது, இப்போது எந்தத் தெரு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பாரபட்சம் காட்டுகிறேனா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி புதிது வாங்கியதும், திரை உடைந்த பழைய லேப்டாப்பை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். பாதித் திரைதான் தெரியும். அந்தப் பாதியில், தமிழில் சொல்லித்தரும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, அவர்கள் காட்டிய வரிகளை மோட்டார் ரூம் மீட்டரைப் பார்த்து எழுதுகிற மாதிரி எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். வெளியே வாடகைக்கு இடம் எடுத்து வைப்பதுதான் சுலபம் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அதற்குக் கார்டு வேண்டும், என்னிடம் அது இல்லை. தவிர, தண்ணீர்த் தொட்டியையே தினமும் ஏறிப் பார்க்காமல் என்னால் நம்ப முடிவதில்லை. எங்கோ இருக்கும் பெட்டியை எப்படி நம்புவது?

இப்போது சொந்தத்தில் ஒரு பெண் தன் தையல் கடைக்கு இதுபோல வீட்டிலேயே வைக்கலாமா என்று கேட்கிறாள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான், நான் எதையுமே முன்கூட்டிப் பார்க்கவில்லை என்பது புரிந்தது. எல்லாமே அடிபட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

முதல் நாளே, தூசி விழக்கூடாது என்று லேப்டாப்பின் மூடியை மூடி வைத்தேன். அது தூங்கிவிட்டது. மூடினாலும் தூங்காதே என்று அதற்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டுமாம். சொன்னேன். தூங்கவில்லை, ஆனால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அடியில் நாலு மூலைக்கும் பாட்டில் மூடிகளைக் கொடுத்துத் தூக்கி வைத்த பிறகு கொஞ்சம் ஆறியது.

பிறகு கரண்ட். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே, கரண்ட் போனாலும் ஓடுமே என்று இருந்தேன். லேப்டாப் ஓடியது. இணையம் வரும் பெட்டி அணைந்துவிட்டது. ஊருக்குப் போக ஆள் வந்து நிற்கிறாள், பஸ்தான் வரவில்லை என்கிற கதை. அந்தப் பெட்டிக்கும் ஒரு குட்டி பேட்டரி வாங்கினேன். அந்தப் பெட்டிக்குள் இளஞ்சூட்டுக்கு எறும்பு குடியேறி முட்டை வைத்தது. எறும்புச் சாக்பீஸால் சுற்றி வட்டம் போட்டேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும், நின்றதும் மறக்காமல் மாட்ட வேண்டும். வயக்காட்டு மோட்டார்களுக்குக் கரண்ட் வந்து எல்லாரும் ஒன்றாக மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு விளக்கு ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும். அதற்கும் லேப்டாப் பழகிக்கொண்டது.

இணைய இணைப்புக் கொடுத்த கேபிள்காரத் தம்பியிடம் பேச வேண்டியதுதான் பெரிய சோதனை. எங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து வந்து சேர்வதற்குத் தனி எண் கிடையாது, பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான் என்று தெரிந்தது. ஒரு காம்பவுண்டுக்குள் பல குடித்தனம் இருந்து, வாசலில் ஒரே ஒரு கதவு எண் இருக்கிற மாதிரி. கடிதம் வந்தால் யார் வீட்டுக்கு என்று தபால்காரருக்குத் தெரியாது. எனக்கு மாறாத தனி எண் வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்குக்கா அது? கேமரா வெக்கறீங்களா?"

விளக்கிச் சொல்லப் பயந்து "ஆமா" என்றேன்.

"எத்தினி கேமரா?"

"ஒன்னு."

மாதம் கொஞ்சம் கூடக் கட்ட வேண்டும் என்று சொல்லி, கொடுத்துவிட்டான். அடுத்த முறை பணம் வாங்க வந்தபோது வாசலில் நின்று தலையைச் சீவிக்கொண்டு, "கேமரா எங்கக்கா இருக்குது, கண்ணுக்கே தெரியல! நல்ல கம்பெனிதான் போங்க" என்றான்.

தனி எண் வந்த பிறகு வேறொரு பயம். யார் யார் வந்து போனார்கள் என்று லேப்டாப் எழுதிவைக்கும். அதைத் திறந்து பார்த்தால், எந்தெந்த நாட்டிலிருந்தோ யார் யாரோ வந்து என் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பொதுவாக எல்லாரும் வைக்கும் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு ஒரு வீடியோவில், இவர்கள் மனிதர்களே அல்ல, ஊர் ஊராகப் பூட்டை ஆட்டிப் பார்க்கும் இயந்திரங்கள், தேவையில்லாத கதவுகளையெல்லாம் அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வை என்று சொன்னார்கள். அடைத்தேன். கடவுச்சொல்லை நீளமாக்கினேன். எங்கள் வீட்டுக்காரர் வாழ்க்கையில் சொல்லவே சொல்லாத ஒரு வாக்கியம் அது. வேறு யாராலும் யூகிக்க முடியாது.

ஆக, பக்கம் ஓடியது. அதைப் பார்ப்பதற்கான கட்டம் போட்ட சதுரப் படத்தை அச்சடித்து, தொட்டிச் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டினேன். டீக்கடையில் ஒருவர் டீக்குப் பணம் அனுப்ப அதை போனில் காட்டியிருக்கிறார். "பள்ளிக்கூடத் தெரு மூடியாச்சு" என்று வந்ததும், "என்னாய்யா, டீக்குக் காசு கேட்டா பள்ளிக்கூடத்த மூடிட்டீங்க?" என்று கேட்டாராம். அதுவே நல்ல விளம்பரமாகிவிட்டது. போன் வருவது குறைந்தது. வால்வைத் திறந்ததும் என் போனில் ஒரு பொத்தானைத் தட்டுவேன், அந்தத் தெருவின் வரி பச்சையாகிவிடும். அவ்வளவுதான் என் பேச்சு.

மேட்டுத் தெருவில் மட்டும் நம்பிக்கை வரவில்லை. "அவளே எழுதறா, அவளே காட்டறா" என்று பெரியம்மா சொன்னதாகக் காதில் விழுந்தது. ஆனாலும் பார்க்காமல் இல்லை. தினமும் கடைசியில் பச்சை வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்படியிருக்க ஆயுத பூஜை வந்தது. ஊரே வீட்டையும் வண்டியையும் கழுவும் நாள், தண்ணீர் எவ்வளவு விட்டாலும் போதாது. விடிவதற்கு முன்பே போய்க் கோயில் தெருவுக்கும் பள்ளிக்கூடத் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் விட்டுவிட்டு, மேட்டுத் தெருவுக்காகத் தொட்டி மறுபடி நிரம்பட்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாவியை வழக்கம்போல வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, குளித்துச் சமையலில் இறங்கினேன். பின்கட்டில் சுண்டல் வெந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் தக்காளி ஏற்றும் குட்டி லாரி ஓட்டுகிறார். ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தீபாவளியைவிடப் பெரிது. லாரிக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடி முழுக்கச் சந்தனம் தெளித்து முடித்துவிட்டு, கூடத்தில் சாமி படங்களுக்கு முன்னால் வீட்டு ஆயுதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அந்தப் பக்கமே வரவிடவில்லை.

"நீ சமையலப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்."

அப்போது வாசலில் குடங்கள் உரசும் சத்தம். பக்கச் சந்து வழியாக வந்து எட்டிப் பார்த்தால் மேட்டுத் தெருப் பெண்கள் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். முன்னால் பெரியம்மா, இடுப்பில் காலிக் குடம்.

"ஏம்மா, தண்ணி வுடற மகராசி! நல்ல நாளும் அதுவுமா எங்களுக்கு மட்டும் பட்டை நாமமா? போன்ல பாத்தா உன் பக்கமே வரமாட்டேங்குது. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கற. நாங்க பாக்கக்கூடாதுன்னு அணைச்சி வெச்சிட்டயா?"

"எல்லா தெருவும் கழுவி முடிச்சாச்சு, எங்க வூட்ல மொகம் கழுவத் தண்ணி இல்ல" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "இப்பவே மெம்பர் வூட்டுக்குத்தான் போறோம். போற வழியில உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

பக்கம் ஏன் வரவில்லை? காலையில் வந்ததே? ஒன்றும் சொல்லாமல் திரும்பிக் கூடத்துக்குள் ஓடினேன். பேசாமல் உள்ளே போனது அவர்களுக்கு இன்னும் கோபமாக இருந்திருக்கும், அத்தனை பேரும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்கள்.

சாமி படங்களுக்கு முன்னால் அரிவாள், மண்வெட்டி, லாரி ஜாக்கி, மிக்சி. அவற்றுக்கு நடுவில், எல்லாவற்றுக்கும் உயரமாக ஒரு மணைப்பலகை போட்டு, அதன்மேல் என் லேப்டாப். அதை அணைத்து, வயர்களைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, மூடியில் மூன்று பட்டை விபூதி, மேலே சந்தனம், குங்குமம். காற்றுப் போகும் ஓட்டைகளுக்கெல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டு. சாமந்திப் பூ மாலை. பக்கத்தில் சாய்த்து வைத்த வால்வுச் சாவிக்கும் ஒரு மாலை.

வீட்டுக்காரர் பெருமையாக என் முகத்தைப் பார்த்தார். "எப்படி இருக்குது? ராவும் பகலும் உனக்காக ஒழைக்குது. அதுக்கும் ஒரு நாள் ஓய்வு குடுக்கணுமில்ல?"

பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தார். லேப்டாப்பைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதா அந்தப் பக்கம்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அப்படியே பரவிவிட்டது.

"அண்ணா, சாமிய எடுங்க, எங்களுக்கு எப்பத் தண்ணின்னு பாக்கணும், குளிக்கணும்" என்றாள் ஒருத்தி.

அவர் முகம் மாறிவிட்டது. "பூசையில வெச்சத நாளைக்கு மறு பூசை போட்டுத்தான் எடுக்கணும். அதான் மொறை."

"அப்ப உங்க வண்டி?" என்றார் பெரியம்மா. "அதுக்கும்தான பூசை போட்டிருக்கீங்க? மத்தியானம் லோடு எடுக்கப் போவ மாட்டீங்களா?"

"அது எப்படிங்க போவாம இருக்கறது? தக்காளி பறிச்சிக் கெடக்குது. நின்னா நாறிப்போவும்."

"தக்காளி நின்னா நாறும், குளிக்காத நாங்க மட்டும் மணப்பமா?"

"பஸ்ஸுக்கும்தான் வாழக்கன்னு கட்டி மாலை போடறாங்க. பாலக்கோட்டுக்கு ஓடாமயா நிக்குது?" என்றாள் இன்னொருத்தி.

வீட்டுக்காரர் உதவிக்கு என்னைப் பார்த்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மெம்பர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இப்போது "பாக்கறேன்" என்று சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்தது. சுண்டல் தீயும் வாசனை வேறு வந்தது. எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் அணைக்கலைங்க. வேணும்னு கடைசியாவும் வுடல. அரைத் தொட்டியில உங்க வால்வத் தொறந்தா மேட்டுக்கு ஏறாது, வழியில இருக்கறவங்களே புடிச்சிக்குவாங்க. முழுசா ரொம்பினாத்தான் உங்க கடைசி வூடு வரைக்கும் வரும். அதுக்குத்தான் மோட்டாரப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல ரொம்பிடும். எல்லாருக்கும் விட்டதவிட உங்களுக்குத்தான் அதிக நேரம் வுடறேன். பக்கத்துலயே பாருங்க, தெனமும் போட்டிருக்கேன்."

பெரியம்மா ஓரடி முன்னால் வந்தார்.

"இத்தன நாளா இத ஏன் சொல்லல?" என்றார் பெரியம்மா.

"நீங்க கேக்கறப்ப சண்டைக்கு வர்ற மாதிரியே கேக்கறீங்க. எனக்கு மறந்துபோவுது."

"நான் தேங்கா வெலை கேட்டாலும் அப்படித்தான் கேப்பேன். என் தொண்டையே அப்படி" என்றார் அவர். பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, "நீங்க தள்ளுங்க. மாலை அப்படியே இருக்கட்டும், சாமிக்கும் கொறையில்ல. மிஷின மட்டும் ஓட்டிக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சேலைத் தலைப்பால் ஓட்டைகளின் சந்தனத்தைத் துடைத்து, மாலையோடு பலகை மேலேயே வயர்களை மாட்டினேன். லேப்டாப் எழுந்து வருவதற்குள் அத்தனை பேரும் குழந்தை பிறக்கக் காத்திருப்பவர்கள்போலச் சுற்றி நின்றார்கள். பெரியம்மாவின் போனிலேயே பக்கத்தைத் திறந்து காட்டினேன். முந்தைய நாள்களைக் கீழே தள்ளித் தள்ளி, தெருவாரியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தைக்காரர் இல்லையா, எடை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், "சரியாத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

மாலை போட்ட சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் முன்னால் போக, காலிக் குடங்களோடு அவர்கள் பின்னால் வந்தார்கள். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்து டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்றார். தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வைத் திறந்து பொத்தானைத் தட்டினேன். மேட்டுத் தெரு பச்சையானது. மேலே யாரோ "வந்துருச்சி!" என்று கத்தினார்கள். மெம்பர் வீட்டுக்கு அன்றைக்கு யாரும் போகவில்லை. சுண்டல் மட்டும்தான் அடிப்பிடித்துவிட்டது.

அடுத்த வாரம் பெரியம்மா தானாக வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். மகள் கல்யாணமாகி மொரப்பூருக்குப் போன பிறகு துணிகளுக்கு அடியில் கிடந்ததாம்.

"உன் வூட்ல ஒன்னுதான இருக்குது? அது நின்னா நீயும் நின்னுடற. இத எங்க வூட்ல வெச்சி ஓட்ட முடியுமா? எங்க தெருவுக்கு வேற டிரான்ஸ்பார்மர். உங்களுக்குக் கரண்ட் போனாலும் எங்களுக்கு இருக்கும்."

ஒரே வீட்டை நம்பாதே, இன்னொரு வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டை எங்கே போய்க் கேட்பது என்று கூச்சப்பட்டே விட்டிருந்தேன். மேட்டுத் தெருவுக்குப் போனேன். இடம் பார்த்து, அடியில் மூடிகள் வைத்து, எறும்புக் கோடு போட்டு, ஒன்று நின்றால் மற்றது பேசுகிற மாதிரி இரண்டையும் இணைக்கச் சில நாள்கள் ஆயின. போகும்போதெல்லாம் டீ கொடுத்து உட்காரவைத்து, என் கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரரின் பூஜை வரை விசாரித்தார்கள். நானும் ஏதோ சொன்னேன். சிரித்தார்கள்.

வேலை முடிந்த அன்று பெரியம்மா லேப்டாப்பின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, என்னை வம்புக்கு இழுத்தார்.

"இனிமே மிஷினு எங்க வூட்ல. எங்க தெருவுக்குத்தான் மொதல்ல தண்ணின்னு நாங்களே போட்டுக்குவோம். அப்ப என்னா செய்வ?"

"போட்டுக்கோங்க" என்றேன். "பச்சையா எரியறதப் பாத்துக்கிட்டே குளிங்க. சாவி எங்கிட்டதான இருக்குது."

அந்தச் சிரிப்பு எங்கள் தெரு வரை கேட்டிருக்கும்.